ஏற்பதா, எழுதிக் கொடுப்பதா?

நவம்பர் 10, 2025, திங்கள்

வங்கியில் கிளார்க்கிலிருந்து அதிகாரியாகும் பதவி உயர்வுப் பட்டியல் வந்துவிட்டது. என் பெயர் இருக்கிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கிளையே தட்டுவடை செட் கேட்டது, வாங்கிக் கொடுத்தேன். ஏற்கப் போகிறேனா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வேண்டாமென்றால் மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இரவு சம்பளக் கணக்குப் போட்டேன். 2024 மார்ச்சில் கையெழுத்தான ஒப்பந்தப்படி கிளார்க்கின் அடிப்படைச் சம்பளம் 24,050-இல் தொடங்கி 64,480 வரை. முதல்நிலை அதிகாரிக்கு 48,480-இலிருந்து 85,920. பார்க்கப் பெரிய தாவல்தான். ஆனால் என்னைப்போல் மேல்படிகளுக்கு வந்துவிட்டவர்களுக்குக் கையில் கூடுவது கொஞ்சம். ஓவர்டைம் கிடையாது. இந்தியாவில் எங்கே போட்டாலும் போக வேண்டும். பணத்தைப் பார்த்தால் எழுதிக் கொடுத்துவிடலாம்.

நவம்பர் 11

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் "உன் இஷ்டம்" என்றார். எந்த ஊர் என்று தெரிந்த பிறகு இதையே சொல்கிறாரா பார்ப்போம். அத்தைதான், "போறதுன்னா போயிட்டு வா கண்ணு, நாங்க என்ன காட்டுலயா இருக்கோம்?" என்றார். மகளுக்குப் பத்தாம் வகுப்பு. அவள் புத்தகத்தைவிட்டு நிமிரவே இல்லை.

நவம்பர் 13

கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர் வந்தார். எங்கள் கிளையில் பல வருஷமாக நகைக்கடன் வாங்குபவர், வட்டி தவறியதில்லை. "ஏப்ரல்ல இருந்து வெள்ளிக்கும் கடன் தர்றாங்களாமே மேடம்?" என்றார். ரிசர்வ் வங்கி ஜூனில் போட்ட விதி அது; வங்கிகள் 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைப்படுத்த வேண்டும். ஒருவருக்கு வெள்ளி நகை 10 கிலோ வரை அடகு பிடிக்கலாம், கட்டி வெள்ளிக்குக் கிடையாது என்றேன்.

இந்தப் பேட்டையில் சிக்கல் வேறு. பட்டறையில் கிடக்கும் கொலுசில் பாதி அவருடையதே இல்லை. வியாபாரி வெள்ளி கொடுப்பார், இவர்கள் கூலிக்குச் செய்து கொடுப்பார்கள். எது சொந்தம், எது கூலி வேலை என்பது இங்கே பழகியவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் கடன் அதிகாரி ஒடிசாக்காரர், நல்ல பையன். தமிழ் இன்னும் பிடிபடவில்லை. ஃபைல் வந்தால் என் கவுண்டர் பக்கம் எட்டிப் பார்ப்பார். "மேடம், பார்ட்டி ஓகே?" நான் தலையசைப்பேன், அவர் கையெழுத்துப் போடுவார்.

கடன் வாராக்கடனானால் விளக்கம் எழுதுவது அவர். நானில்லை. மாலையில் பணம் டேலி ஆனதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். என் வேலை சுகமாக இருப்பது அந்தப் பையன் முதுகில். தெரிந்த எனக்குப் பொறுப்பில்லை, பொறுப்பானவருக்குத் தெரியவில்லை. இன்று முழுக்க இதுதான் மண்டைக்குள்.

நவம்பர் 22

நான்காம் சனி, விடுமுறை. ஏற்காடு போனேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்குவதற்குள் குமட்டல் (எந்த வருஷம் போனாலும் இதே கதை). எங்கள் வங்கியில் ஓய்வு பெற்ற அக்கா ஒருவர் அங்கே தங்கை தோட்டத்தில் இருக்கிறார். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, கீழே காபி பழுத்துக் கிடக்கிறது, ஆட்கள் பறிக்கிறார்கள். அக்கா அந்தக் காலத்தில் எழுதிக் கொடுத்தவர்.

"பையனுக்கு பிளஸ் டூன்னு எழுதிக் குடுத்தேன். அடுத்த வருஷமே அவன் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போயிட்டான்."

"வருத்தமாக்கா?"

"எதுக்கு? அஞ்சரைக்கு வீட்ல இருந்தேன். நீ பாக்கற அந்த ஃபைல் தலைவலி எனக்கு என்னிக்கும் இல்ல. நீ போனா ராத்திரி எட்டுக்கு சாப்டுவ, அவ்ளோதான்."

நியாயம்தான். அவருக்கு அது இல்லை. எனக்கு இப்போதே இருக்கிறது, கையெழுத்துதான் இல்லை.

நவம்பர் 26

சம்மதம் கொடுத்துவிட்டேன். ஒடிசாப் பையன் கை கொடுத்துவிட்டு, "அப்போ பார்ட்டி ஓகேன்னு யார் சொல்வாங்க?" என்றார். பட்டறைக்காரரிடம், சொந்த வெள்ளி வாங்கிய பில்லைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன், கூலி வேலைக் கணக்கோடு கலக்க வேண்டாமென்று. ஏப்ரலில் நான் இருக்க மாட்டேன்.

போஸ்டிங் ஆர்டர் இன்னும் வரவில்லை. அதற்குள் அத்தை ரசப்பொடிக்கு மிளகாய் காயப் போட்டுவிட்டார்.