குமரிக் கடற்பாறையில் ஒரு போலி லிம்பெட்: பெயரிட்டு வெளியிடும் வரை

முட்டம், கடியபட்டணம், இனயம் பக்கத்துப் பாறைகளில் கவிழ்த்த சிரட்டை மாதிரி ஒட்டிக்கிடக்கும் சிறு ஓடுகளைப் பார்க்காதவர் இந்த மாவட்டத்தில் குறைவு. சிப்பி எடுப்பவர்கள் அவற்றைச் சீண்டுவதில்லை. அவற்றில் ஒரு பகுதி உண்மையான லிம்பெட், அதாவது கூம்புத் தொப்பி போன்ற ஓடுள்ள கடல்நத்தை. செல்லானா ரேடியேட்டா அதில் சாதாரணமாகக் கிடைப்பது. இன்னொரு பகுதி சைஃபொனேரியா பேரினம், அதாவது போலி லிம்பெட். இது நுரையீரல் நத்தைகளோடு உறவுள்ளது, காற்றையும் சுவாசிக்கும். இந்தப் பேரினத்தில் ஒரு புதிய சிற்றினத்தை விவரித்து வெளியிட வேண்டுமானால் எங்கெங்கே வேலை இழுக்கும், எங்கே கெடும் என்பதை எங்கள் அனுபவத்திலிருந்து எழுதுகிறோம்.

முதலில் பிரித்தறிதல். உயிருள்ளதைத் திருப்பிப் பாருங்கள். செல்லானாவுக்குத் தலையில் இரண்டு உணர்கொம்புகள் இருக்கும், மேலுறையின் உள்விளிம்பைச் சுற்றிச் செவுள் இதழ்கள் வரிசையாக இருக்கும். சைஃபொனேரியாவுக்கு உணர்கொம்பு கிடையாது. தலை இரண்டு அகன்ற மடல்களாக இருக்கும், வலது பக்கத்தில் சுவாசத் துளையும் அதை மூடும் மடிப்பும் தெரியும். காலி ஓடு மட்டும் கிடைத்தால் உட்புறத்தைப் பாருங்கள். தசை ஒட்டியிருந்த தழும்பு உண்மையான லிம்பெட்டில் குதிரைலாட வடிவம், திறப்பு தலைப்பக்கம் மட்டும். போலியில் வலது பக்கமும் ஓர் இடைவெளி இருக்கும், அந்த இடத்தில் விளிம்பு நோக்கி ஒரு கால்வாய் ஓடும். கல்லூரி அருங்காட்சியகங்களில் இரண்டும் ஒரே புட்டியில் கிடப்பது புதிதல்ல.

சேகரிக்கும் நேரத்தைப் பொறுத்தவரை, நம் கரையில் ஏற்றவற்ற வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் ஓத அட்டவணையை மட்டும் நம்பிப் போனால் பாறைக்கு அருகில்கூடப் போக முடியாது. அலையின் உயரம்தான் தீர்மானிக்கும். ஆனி, ஆடியில் மேற்குக் கரைப் பாறைகளை மறந்துவிடுங்கள். தை, மாசியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய வற்றம் நல்லது. பங்குனி முதல் வைகாசி வரை கடல் அமைதியாகத் தெரிந்தாலும் கள்ளக்கடல், அதாவது தொலைதூரக் கடலில் எழுந்த பேரலை, வரும். காற்றே இல்லாத நாளில் பாறையை மூடிவிடும். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்கொய்ஸின் எச்சரிக்கையைப் பார்க்காமல் இறங்குவது வீரம் இல்லை. உள்ளூர் மீனவர் ஒருவர் கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், நீங்கள் பாறையைப் பாருங்கள்.

எடுக்கும் இடம் இயற்கைப் பாறையாக இருக்கட்டும். தூண்டில் வளைவுகளிலும் தடுப்புச் சுவர்களிலும் நிறையக் கிடைக்கும், பரவலைக் காட்ட அவையும் உதவும். ஆனால் ஹோலோடைப்பை, அதாவது புதிய பெயருக்கு ஆதாரமாக நிற்கும் ஒற்றை மாதிரியை, அங்கே எடுக்காதீர்கள். மறுபடி கல் கொட்டினால் மாதிரி எடுத்த இடமே புதைந்துவிடும்.

கழற்றுவதற்கு வீட்டுச் சுவருக்குப் பட்டி பார்க்கும் மெல்லிய தகடு போதும். தொட்டுவிட்டு யோசிக்கக் கூடாது. தொட்ட நொடியில் அது பாதத்தை இறுக்கிக்கொள்ளும், பிறகு நெம்பினால் ஓட்டின் விளிம்பு உடையும். முக்கியமான பண்புகளில் பாதி அந்த விளிம்பில்தான் இருக்கின்றன. ஒரே வீச்சில் அடியில் நுழைக்க வேண்டும். கழற்றும் முன்பே பாறையில் இருக்கும் நிலையில் படம், ஜிபிஎஸ், அலைபடும் பக்கமா நிழல் பக்கமா, பார்னக்கிள் (பாறையில் ஒட்டி வளரும் ஓட்டுயிரி) மட்டத்துக்கு மேலா கீழா என்ற குறிப்பு. பக்கத்தில் வளையமாகச் சுருண்ட பசை போன்ற முட்டை நாடா இருந்தால் அதையும் படமெடுத்து, ஒரு துண்டு தனியாக எடுங்கள். முட்டை இருக்கிறது என்றால் இனப்பெருக்க உறுப்புகள் முதிர்ந்திருக்கின்றன என்று பொருள். இது பின்னால் பெரிதும் உதவும்.

கரைக்கு வந்ததும் நேராக எத்தனாலில் போடுவதுதான் பலரும் செய்வது. உடல் சுருங்கிக் கல்லாகிவிடும், பிறகு அறுத்துப் பார்க்க ஒன்றும் இருக்காது. மெக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 75 கிராமை ஒரு லிட்டர் நன்னீரில் கரைத்து, அதே அளவு கடல்நீரோடு கலந்து, அதில் விடுங்கள். ஊசியால் தலையைத் தொட்டால் அசையாத நிலை வரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் பலன் இல்லை. பிறகு பாதத்தின் ஓரத்தில் அரிசியளவுக்கும் குறைவாக ஒரு துண்டு வெட்டி, டிஎன்ஏவுக்குத் தனிக் குப்பியில் 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனாலில் வையுங்கள். குடலருகே வெட்டினால் அது தின்ற பாசியின் டிஎன்ஏவும் சேர்ந்து வரும். உடலின் கொள்ளளவைப் போலப் பத்து மடங்கு எத்தனால் வேண்டும், மறுநாள் மாற்றி ஊற்ற வேண்டும். எத்தனாலை உரிமம் உள்ள நிறுவனம் வழியாகத்தான் வாங்க முடியும், அந்தக் காகித வேலையை முதலிலேயே தொடங்குங்கள். அது கிடைக்கவில்லை என்று டிநேச்சர்டு ஸ்பிரிட்டில் போடாதீர்கள். ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுப்பதோடு, அமிலமாகிவிட்டால் ஓட்டையும் அரிக்கும்.

சீட்டு பென்சிலில் எழுதிப் புட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். பால்பாயின்ட் எழுத்து எத்தனாலில் கரைந்து நீல நிறத் தண்ணீர்தான் மிஞ்சும். ஓட்டின் உட்புற நிறத்தை அன்றே ஈரத்தோடு படமெடுத்துவிடுங்கள். உலர்ந்த ஓடுகளை நன்னீரில் அலசி உப்பை நீக்காமல், அமில ஆவி விடும் மரப்பெட்டியிலோ மலிவான அட்டைப் பெட்டியிலோ வைத்தால், நம் கடலோர ஈரத்தில் மேலே வெள்ளைப் பூப்பு வந்து ஓடு பொடியத் தொடங்கும். அது பூஞ்சை இல்லை, சுண்ணாம்போடு அமிலம் வினைபுரிவது; துடைத்தால் தீராது.

அடுத்தது ஓடு செய்யும் ஏமாற்று. நீளம், அகலம், உயரம் மூன்றையும் வெர்னியர் காலிப்பரால் அளந்து, முதன்மை விலா வரிகளை எண்ணி அட்டவணை போடுவோம். ஆனால் அலை அடிக்கும் முகப்பில் இருப்பவை தேய்ந்து மழுங்கியிருக்கும், உச்சி அரித்திருக்கும், மேலே பாசி படர்ந்திருக்கும். நிழலான பிளவில் இருக்கும் அதே சிற்றினம் கூர்மையான வரிகளோடு வேறு ஏதோ போலத் தெரியும். சேகரித்த தொகுதியில் ஓட்டை வைத்து இரண்டு மூன்று ‘இனங்கள்’ பிரிப்பது எளிது, அத்தனையும் ஒன்றே என்று பிறகு தெரியும். தலைகீழாகவும் நடக்கும்: ஒரே மாதிரி தெரிவது இரண்டாக இருக்கும். ஆகவே ஓட்டைத் தனியாக நம்பி யாரும் இனி ஒரு சைஃபொனேரியாவுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

நம்பத் தகுந்தது உள்ளே இருக்கிறது. இவை இருபால் உயிரிகள். ஸ்டீரியோ நுண்ணோக்கியின் கீழ் இனப்பெருக்க மண்டலத்தைப் பிரித்தெடுத்து, ஆண் உறுப்புப் பகுதியில் உள்ள எபிஃபாலிக் சுரப்பியின் வடிவமும் அளவும், விந்து வாங்கும் பையான பர்சாவின் வடிவம், அதன் குழாயின் நீளம் ஆகியவற்றை வரைய வேண்டும். பர்சாவைத் திறந்தால் சில நேரம் விந்துறை (விந்தணுக்கள் அடங்கிய பொதி) கிடைக்கும். அதன் தலைப்பகுதி எவ்வளவு, வால் எவ்வளவு என்ற விகிதம் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறும். மிகச் சிறியது, மங்கலான நூல்துண்டு போல் தெரியும், சுத்தம் செய்யும்போது தூக்கி எறிந்துவிடுவது வழக்கம். முதிராத மாதிரியில் இவற்றில் எதுவும் உருப்படியாக இருக்காது. ராடுலாவை, அதாவது பல் வரிசைகள் உள்ள நாக்குப் பட்டையை, புரோட்டினேஸ் கே நொதி அல்லது 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சதையைக் கரைத்து எடுத்து, கழுவி, கார்பன் டேப்பில் பரப்பித் தங்கப் பூச்சு கொடுத்து எஸ்இஎம் என்ற எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கிறோம். நன்றாகத் தண்ணீரில் அலசாவிட்டால் உப்புப் படிகங்கள் பல்லை மறைக்கும்.

டிஎன்ஏவில் வழக்கமான தொல்லை சளி. சளியிலுள்ள பல்சர்க்கரைகள் டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வினையைத் தடுக்கும். பல்சர்க்கரைகளை நீக்க உதவும் சிடிஏபி முறையில் பிரித்தெடுங்கள், அப்படியும் பட்டை வரவில்லை என்றால் டிஎன்ஏவைக் கூட்டாமல் பத்தில் ஒன்றாக நீர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். இனங்களைப் பிரிக்க உதவும் சிஓஐ என்ற மைட்டோகாண்ட்ரிய மரபணுவுக்கு 1994இல் வந்த ஃபோல்மர் பிரைமர்கள் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்). ஏறத்தாழ 658 காரமூல இணைகள் கிடைக்கும். கூடவே 16எஸ் என்ற இன்னொரு மரபணுவும் வேண்டும். வந்த வரிசையை முதுகெலும்பற்றவற்றின் மைட்டோகாண்ட்ரியக் குறியீட்டில் மொழிபெயர்த்து, நடுவில் நிறுத்தக் கோடான் (புரதத்தை முடிக்கும் குறி) இல்லை என்று உறுதிசெய்யுங்கள். டிஎன்ஏ வரிசைகளின் பொதுத் தரவுத்தளமான ஜென்பேங்கில் ‘சைஃபொனேரியா’ என்றிருக்கும் எல்லாப் பெயரையும் நம்ப வேண்டாம். ஓட்டை மட்டும் பார்த்துப் பெயர் எழுதியவை அதில் உண்டு. எந்த அருங்காட்சியக எண்ணோடு இணைந்திருக்கிறது என்பதைப் பாருங்கள்.

வேலையின் கனமான பகுதி இங்கே தொடங்குகிறது. உங்கள் கையில் இருப்பது தனி மரபுவழி என்று டிஎன்ஏ சொல்லிவிடும். அது புதியது என்று சொல்லாது. பேரினத்தின் பெயர்க்கூட்டம் பெரியது, 1758இல் லின்னேயஸ் வைத்த லாசினியோசாவிலிருந்து தொடங்குகிறது. லமார்க்கின் ஜாவானிகா 1819. கராச்சியின் பெயரால் வந்த குர்ராச்சியென்சிஸ் 1856. மும்பைக்கு அருகே பாசைன் பெயரால் வந்த பாசைனென்சிஸ் 1893. இவற்றோடு பின்னாளில் ஒத்தபெயர் (ஏற்கெனவே பெயருள்ள இனத்துக்கு வைத்த மறுபெயர்) என்று ஒதுக்கப்பட்ட ஏராளமானவை. அவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் சிற்றினத்துக்குப் பொருந்திவிட்டால், முன்னுரிமை விதிப்படி பழைய பெயர்தான் செல்லும். உங்களுடையது பிறந்த அன்றே ஒத்தபெயர். 2024இல் வெளியான இந்தோ-மேற்கு பசிபிக் பகுதிக்கான மீளாய்வு உடல் அமைப்பையும் மைட்டோகாண்ட்ரிய வரிசைகளையும் சேர்த்துப் பலவற்றைத் தெளிவாக்கியிருக்கிறது. அதற்கு முந்தைய இந்தியப் பட்டியல்களை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினால் மதிப்பாய்வாளர் முதல் பக்கத்திலேயே திருப்பி அனுப்புவார், அது நியாயமும்கூட.

பழைய டைப் மாதிரிகள், அதாவது பெயர்களுக்கு ஆதாரமான மாதிரிகள், பல வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் உலர் ஓடாக மட்டும் இருக்கின்றன. அவற்றை அஞ்சலில் வரவழைக்கலாம் என்று கனவு காண வேண்டாம். மேல், கீழ், பக்கவாட்டு மூன்று கோணப் படங்களும் உடன் இருக்கும் சீட்டின் படமும் கேட்டு எழுதுங்கள். சீட்டின் படம் கேட்க மறப்பவர்கள்தான் அதிகம். முதல் விவரணையில் ஊர் பெயரே இல்லாதவையும், ‘கிழக்கிந்தியத் தீவுகள்’ போன்று பொத்தாம்பொதுவாக இருப்பவையும் உண்டு. இயன்றால் டைப் மாதிரி எடுத்த இடத்திலிருந்தே எடுத்த டிஎன்ஏ வரிசைகளோடு ஒப்பிட வேண்டும். கராச்சி மாதிரிக்கு நாம் போக முடியாது, ஏற்கெனவே வெளியான நம்பகமான வரிசைகளும் டைப் படமும்தான் வழி. இலங்கை, கேரளம், மன்னார் வளைகுடா மாதிரிகள் இல்லாமல் ‘குமரிக்கே உரியது’ என்று எழுதாதீர்கள். மிதக்கும் லார்வா உள்ள சிற்றினம் குமரிக் கரையின் வட்டக்கோட்டையோடு நின்றுவிடாது.

பெயரிடலுக்கு அனைத்துலக விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு, 2000 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. ஹோலோடைப் எது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், எந்தச் சேகரத்தில் இருக்கிறது என்பதும் வேண்டும், மற்றவற்றிலிருந்து பிரிக்கும் பண்புகள் சொற்களில் வேண்டும். உடையாத ஓடு, முதிர்ந்த உடல், அதே உயிரியிடமிருந்து டிஎன்ஏ வரிசை மூன்றும் அமைந்த ஒன்றை ஹோலோடைப்பாக எடுங்கள். மிகப் பெரியதை எடுக்கும் ஆசை வரும். பெரியதுதான் அதிகம் தேய்ந்திருக்கும். சைஃபொனேரியா பெண்பாற்சொல். ஊர்ப்பெயரோடு ‘என்சிஸ்’ சேர்த்தால் சிக்கல் இல்லை. மற்ற உரிச்சொற்களின் ஈறு பெண்பாலுக்கு இசைய வேண்டும். தமிழ்ச் சொல்லை அப்படியே வைக்கலாம், ஆனால் அது பெயர்ச்சொல்லாக நிற்கிறது என்று சொற்பிறப்புப் பத்தியில் ஒரு வரி எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வருபவர் ஈற்றைத் திருத்த முயல்வார்.

இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால், 2012 திருத்தப்படி வெளியீட்டுக்கு முன் விலங்குப் பெயர்களின் பதிவேடான ஸூபேங்கில் பதிவு செய்து, பதிவு நடந்ததற்கான சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளியான கட்டுரையில் அந்தச் சான்று விடுபட்டுப்போனால் பெயர் செல்லாது. கடைசி மெய்ப்பில் அந்த வரியை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். அதுவரை பெயரைக் கருத்தரங்கச் சுருக்கத்திலோ, ஆய்வேட்டுத் தலைப்பிலோ, நாளிதழ்ப் பேட்டியிலோ விடாதீர்கள். நாளிதழ் அச்சில் விவரணையோடு பெயர் வந்துவிட்டால் விளைவு வேண்டாத குழப்பம்.

சட்டப் பக்கம்: பல்லுயிர்ச் சட்டம், 2002இன் 39ஆம் பிரிவின்படி, புதிய உயிரினத்தைக் கண்டவர் அதைக் குறிக்கப்பட்ட களஞ்சியத்துக்கு அறிவித்துச் சான்று மாதிரியை ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு இந்திய விலங்கியல் ஆய்வகம் அத்தகைய களஞ்சியம். கடல்சார் மையம் சென்னையில் இருக்கிறது. ஹோலோடைப்பைத் துறை அலமாரியில் வைத்துக்கொண்டு ‘பிறகு ஒப்படைப்போம்’ என்று எழுதினால் கட்டுரை நிற்காது. களஞ்சியத்தின் பதிவெண் இல்லாமல் இதழுக்கு அனுப்பவே வேண்டாம், அது கைக்கு வரத் தாமதமாகும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ஆய்வகத்துக்குத் திசு அனுப்புவதாக இருந்தால் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளை முதலில் படியுங்கள். குப்பியை அனுப்பிவிட்டு அனுமதி கேட்பது நடக்காது.

ஹோலோடைப்பின் ஓடு உலர்ந்ததாகவும் உடல் எத்தனாலிலும் தனித்தனியாகப் போகும். இரண்டு சீட்டிலும் ஒரே பதிவெண், டிஎன்ஏ வரிசையின் எண், ‘உடல் தனிப் புட்டியில்’ என்ற குறிப்பு. பாராடைப்புகளில் (ஹோலோடைப்போடு சேர்த்துக் குறிக்கும் மற்ற மாதிரிகளில்) சிலவற்றை வேறொரு சேகரத்துக்கும் பிரித்துக் கொடுங்கள், ஒரே கட்டடத்தில் எல்லாம் இருப்பது நல்லதல்ல.