மான் வேட்டைக்கு ஒரு ஸ்லக் துப்பாக்கி: ஓராண்டுத் தேடல்

2018 நவம்பர் 17, சனிக்கிழமை மாலை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் மெக்லேன் கவுண்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு), மாக்கினா ஆற்றை ஒட்டிய காட்டின் விளிம்பில், நிலத்துக்காரர் கொடுத்த, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் 12 கேஜ் (குழல் விட்டத்தின் அளவு; எண் சிறிதானால் குழல் பெரிது) பம்ப் ஷாட்கன்னுடன் மரத்தடியில் அமர்ந்திருந்தேன். அறுவடை முடிந்த சோள வயலைக் கடந்து வந்த பெண் மான் ஒன்று ஏறத்தாழ 60 கஜத் தொலைவில் நின்றது. சுட்டேன். மான் முதுகை வளைத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடியது. அன்றிரவு பதினொரு மணி வரையிலும், மறுநாள் காலையிலும் நிலத்துக்காரரும் நானும் அதைத் தேடினோம். உதிர்ந்த இலைகளின் மேல் ஐந்தாறு துளி ரத்தம் கிடைத்தது. அதற்கப்பால் தடமே இல்லை. குறி ஏன் தவறியது என்பது எனக்குத் தெரியும். விசையை அழுத்திய கணத்தில், துப்பாக்கி தோளில் பின்னோக்கி உதைக்கப்போவதற்கு அஞ்சி என் தோள் சுருங்கியது, கண்ணும் மூடிக்கொண்டது. காயம்பட்ட ஓர் உயிரைக் காட்டில் விட்டுவிட்டு வீடு திரும்பிய அந்தக் காலைப் பொழுதில்தான், எனக்குப் பொருந்தும் துப்பாக்கி கையில் இல்லாமல் இனிக் காட்டுக்குள் செல்வதில்லை என்று முடிவெடுத்தேன்.

கிண்டி பூங்காவின் புள்ளிமான்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, வேட்டை என்ற சொல்லே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத்தான் நினைவூட்டும். இல்லினாயின் நிலைமை வேறு. வெண்வால் மான்கள் ஏறக்குறைய அழிந்துவிட்டதால் 1901இல் மான் வேட்டையை நிறுத்திய இம்மாநிலம், மான்கள் மீண்டும் பெருகிய பிறகு 1957இல்தான் அதைத் திறந்தது. இன்றும் கவுண்டிவாரியாக எண்ணிக்கை வகுத்தே அனுமதிச் சீட்டு வழங்குகிறார்கள். நான் தொடங்கிய காலத்தில், துப்பாக்கியால் வேட்டையாட அனுமதிக்கும் பருவத்தில் மானைச் சாதாரண ரைஃபிளால் சுடச் சட்டம் இடம் தரவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமதளமாய்க் கிடக்கும் இந்தச் சோள நாட்டில் ரைஃபிள் குண்டு ஒன்று குறி தப்பினால், அது எவருடைய வீட்டுச் சுவரில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஷாட்கன்னில் ரவைகளுக்குப் பதிலாகப் போடும் ஒற்றைக் கனத்த குண்டான ஸ்லக், விரைவிலேயே வேகம் இழந்து தரையில் விழுந்துவிடும். 10 முதல் 20 கேஜ் வரையிலான ஷாட்கன், ஒரு நேரத்தில் அதிகபட்சம் மூன்று தோட்டாக்கள் என்பது அப்போதைய விதி. என் தேடல் முழுவதும் இந்த எல்லைக்குள்தான் நடந்தது.

அரைத் தானியங்கியைத் தேடுகிறேன் என்றதும் பலரும், மளமளவென்று மூன்று குண்டுகளைச் சுடுவதற்காக என்றே எண்ணினார்கள். என் காரணம் என் வலது தோள். சில ஆண்டுகளுக்கு முன் அதில் அறுவைச் சிகிச்சை நடந்தது. 12 கேஜ் பம்ப் துப்பாக்கியில் ஐந்து ஸ்லக் சுட்டால் அன்று இரவு கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. வாயுவால் இயங்கும் அரைத் தானியங்கியில், குழலின் சிறு துளைகள் வழியாக வெடிவாயுவின் ஒரு பகுதி பிரிந்து சென்று ஒரு பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அது காலித் தோட்டாவை வெளியேற்றிவிட்டு அடுத்ததை ஏற்றுகிறது. இதனால் உதையின் மொத்த அளவு மாயமாகிவிடுவதில்லை. ஆனால் ஒரே குத்தாக வராமல், சற்று நீண்ட தள்ளலாகப் பரவி வருகிறது. தோளுக்கு அந்த வேறுபாடு மிகப் பெரியது.

இல்லினாயின் பியோரியா நகரில் இருபது ஆண்டுகளாக வேட்டையாடி வரும் மதுரைக்கார அண்ணன் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். நான் மாடல் பெயர்களை அடுக்கிக்கொண்டே போக, பொறுமையாகக் கேட்டவர் சொன்னார்: “தம்பி, பேரைப் பார்த்து வாங்காதீங்க. முதல்ல குழலைப் பாருங்க, அப்புறம் அந்தக் குழலுக்கு எந்தத் தோட்டா பிடிக்குதுன்னு பாருங்க. மத்ததெல்லாம் அப்புறம்.” அடுத்த ஆறு மாதங்களில் நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி இந்த மூன்று வாக்கியங்களின் விரிவுரைதான்.

முதலில் இயங்குமுறையைத் தீர்த்துக்கொண்டேன். பெனெல்லி நிறுவனத்தின் பெரும்பாலான அரைத் தானியங்கி ஷாட்கன்கள் வாயுவைப் பயன்படுத்துவதில்லை. துப்பாக்கியே உதையில் பின்னோக்கி நகர்வதைக் கொண்டு ஒரு சுருள்வில்லை அமுக்கி இயங்குகின்றன. எடை குறைவு, உள்ளே கரி படிவதும் குறைவு. சதுப்பு நிலத்தில் வாத்து வேட்டைக்குச் செல்பவர்கள் அவற்றைப் போற்றுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கனத்த ஸ்லக்கை இலகுவான துப்பாக்கியில் சுடுவது என் தோளுக்கு ஆகாது. 1963இல் சந்தைக்கு வந்த ரெமிங்டன் 1100, அதன் பின்னவரான 11-87, மாஸ்பெர்க் 930 ஆகிய வாயு இயக்கத் துப்பாக்கிகளைக் கடைகளிலும் நண்பர்கள் வீட்டிலும் எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தேன். சற்றே கனமான துப்பாக்கியைச் சுமப்பது சிரமமாக இருந்தாலும், சுடும்போது அந்தக் கனமே நமக்குத் துணை.

கேஜ் விஷயத்தில் நான் நினைத்ததைவிட எளிதாக முடிவு கிடைத்தது. 12 கேஜின் குழல் விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர், 20 கேஜினுடையது 15.6. சிறியதை வைத்துக்கொண்டு மானைச் சுடலாமா என்ற ஐயம் எனக்கு இருந்தது. ஆனால் 250 கிரெயின் (ஏறத்தாழ 16 கிராம்) எடையுள்ள 20 கேஜ் ஸ்லக் ஒன்று நொடிக்கு 1800 அடி வேகத்தில் புறப்படுகிறது. 100 கஜத்துக்குள் நிற்கும் வெண்வால் மானுக்கு அது போதும். அஞ்சிச் சுடும் பெரிய துப்பாக்கியைவிட அஞ்சாமல் சுடும் சிறிய துப்பாக்கியே மானுக்குச் செய்யும் நியாயம் என்று உறுதியாக நம்புகிறேன்.

குழலில்தான் நான் அதிக நாள் செலவிட்டேன். ஸ்லக்கில் இரண்டு குடும்பங்கள் உண்டு. உள்ளே வழவழப்பான குழலுக்கு உரியது, 1931இல் கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்கர் உருவாக்கிய வகை. பின்புறம் குடைவாகவும் முன்புறம் கனமாகவும் இருப்பதால், இறகுப்பந்தைப் போலத் தலை முன்னாகப் பறக்கும். விலையும் மலிவு. சாதாரணத் துப்பாக்கியில் 75 கஜம் வரை நம்பலாம். மற்றொன்று சேபோ. இதில் குழலைவிடச் சிறிய குண்டு, பிளாஸ்டிக் உறை ஒன்றுக்குள் அமர்ந்திருக்கும். குழலின் உட்புறத்தில் வெட்டப்பட்ட சுருள் பள்ளங்கள் அந்த உறையைப் பற்றிச் சுழற்ற, வெளியே வந்ததும் உறை கழன்று விழ, குண்டு மட்டும் சுழன்றபடி செல்லும். வழவழப்பான குழலில் சேபோவைப் போட்டால் சுழற்சியே இல்லாமல் குண்டு தடுமாறும். ஐந்து தோட்டாக்களுக்குப் பதினைந்து டாலர் கொடுத்தது வீண். நானோ, முழு நீளமும் சுருள் பள்ளம் வெட்டிய குழல்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இதைவிட நுட்பமான ஒன்றை ஒரு பழைய துப்பாக்கிக் கடையில் என் விரலாலேயே உணர்ந்தேன். பம்ப், அரைத் தானியங்கி இரண்டிலும் குழலைக் கழற்றி மாட்டலாம். அது, துப்பாக்கியின் இயங்கு பாகங்கள் இருக்கும் உடற்பெட்டிக்குள் செருகப்பட்டு, முன்னால் ஒரு மரையால் இறுக்கப்பட்டிருக்கும். கடைக்காரர் அந்த மரையைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டு, குழலும் பெட்டியும் சேரும் இடத்தில் என் ஆள்காட்டி விரலை வைக்கச் சொன்னார். குழலை மெல்ல அசைத்தபோது, ஒரு தாளின் தடிமன் அளவுக்கு இடுக்கு திறந்து மூடுவது விரல் நுனியில் தெரிந்தது. மரையை முழுதும் இறுக்கிய பிறகும் ஒரு மயிரிழை மிஞ்சியது. குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் பெட்டியின் மேல் இருந்து, குழல் தனியாக அசைந்தால், குறி பார்க்கும் இடம் ஒன்றாகவும் குண்டு செல்லும் இடம் வேறாகவும் ஆகிவிடும். 21 அங்குலக் குழலின் முனை ஒரு தாளின் தடிமன் விலகினாலே 100 கஜத்தில் அரை அங்குலத்துக்கு மேல் பிழை வரும். இணைப்பிடத்தில் அவ்வளவு ஆட்டம் இருந்தால் முனையில் அது பன்மடங்காகும். இதற்கு விடை கேன்டிலீவர்: குழலிலேயே பற்றவைத்து, பெட்டியின் மேல் தொடாமல் நீண்டு நிற்கும் ஒரு பட்டை. ஸ்கோப்பை அதில் பொருத்தினால் குழல் எங்கு அசைந்தாலும் ஸ்கோப்பும் கூடவே அசையும். என் பட்டியலில் இருந்த நான்கு துப்பாக்கிகளில் இரண்டு இந்த ஒரு காரணத்தாலேயே நீங்கின.

2019 ஆகஸ்டில், 20 கேஜ் அளவில், கேன்டிலீவர் பொருத்திய சுருள் பள்ளக் குழலோடு பழைய வாயு இயக்கத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. மாடலைச் சொல்லாமல் விடுகிறேன். ஒரே மாடலின் இரண்டு துப்பாக்கிகள்கூட ஒன்றுபோல் சுடுவதில்லை. இல்லினாயில் துப்பாக்கி வைத்திருப்போருக்கான ஃபாய்டு அட்டை முன்பே என்னிடம் இருந்தது. கூட்டாட்சிப் படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து, சட்டப்படி 72 மணி நேரம் காத்திருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

முதல் நாள் சுட்டபோது, ஒவ்வொரு தோட்டாவுக்குப் பிறகும் அடுத்தது ஏறாமல் பாதியில் நின்றது. மனம் மிகவும் சோர்ந்துவிட்டது. அண்ணன் சொன்னபடி கழற்றிப் பார்த்தேன். வாயு கசியாமல் காக்கும் ரப்பர் ஓ-ரிங், பழைய உரிமையாளர் மாற்றாமல் விட்டதால் காய்ந்து, ஓரிடத்தில் பிளந்திருந்தது. இரண்டு டாலர்கூட ஆகாத வளையம் அது. மாற்றியதும் துப்பாக்கி சீராக ஓடியது. வாயு இயக்கத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த வளையத்தையும், பிஸ்டனில் படியும் கரியையும் கவனித்தே ஆக வேண்டும்.

அக்டோபரில் மூன்று சனிக்கிழமைகளை நிலத்துக்காரரின் மண்மேட்டின் முன்னால் கழித்தேன். முதலில் 25 கஜம், பிறகு 50, பிறகு 100. நான்கு வகை சேபோ தோட்டாக்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் மூன்று குண்டுகளை ஒரே புள்ளியை நோக்கிச் சுட்டு, குழல் ஆறும்வரை காத்திருந்து அடுத்த வகைக்குச் சென்றேன். முதல் வகையின் மூன்று துளைகளும் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குச் சிதறின. எல்லாவற்றிலும் விலையுயர்ந்த வகையும் அதைவிடச் சிறப்பாக இல்லை. மூன்றாம் வகையைச் சுட்டுவிட்டுத் தாளருகே நடந்து சென்றபோது, மூன்று துளைகளையும் என் உள்ளங்கையால் மறைக்க முடிந்தது. அளந்தேன்: மூன்று அங்குலத்துக்குச் சற்றே குறைவு. அதே வகையில் ஆறு பெட்டிகள் வாங்கி வைத்தேன். அன்று மொத்தம் பன்னிரண்டு ஸ்லக் சுட்டிருந்தும், இரவில் அலமாரியின் மேல்தட்டிலிருந்து என்னால் கையை நீட்டி ஒரு டப்பாவை எடுக்க முடிந்தது.

பருவம் தொடங்குமுன், தோட்டாக்களை அடுக்கும் குழாயான மேகசினுக்குள் இரண்டு தோட்டாக்களுக்கு மேல் நுழையாதபடி பிளாஸ்டிக் தடுப்பைப் போட்டு, ஒன்றுக்கு இரண்டு முறை சோதித்தேன். கடுங்குளிரில் கெட்டியாகிவிடும் எண்ணெயைத் துடைத்துவிட்டு, மிக மெல்லிய பூச்சு மட்டும் வைத்தேன்.

2019 நவம்பர் 23, சனிக்கிழமை. சென்ற ஆண்டு அமர்ந்த அதே மரத்தடிதான். விடிந்து ஒரு மணி நேரம் கழித்து, ஆற்றோரப் புதரிலிருந்து பெண் மான் ஒன்று வெளிவந்து 70 கஜத்தில் பக்கவாட்டில் நின்றது. ஸ்கோப்பின் குறுக்குக் கோடு முன்னங்காலுக்குப் பின்னால் அசையாமல் நின்றதைப் பார்த்தபடியே விசையை அழுத்தினேன். இம்முறை கண் திறந்தே இருந்தது. நாற்பது அடி ஓடிய மான் சோளத்தட்டைகளின் நடுவே விழுந்தது. காலில் அனுமதிச் சீட்டைக் கட்டி, இரவு பத்து மணிக்குள் தெரிவிக்க வேண்டிய தகவலை நண்பகலிலேயே தொலைபேசியில் தெரிவித்து, கிடைத்த எண்ணைச் சீட்டில் எழுதினேன். இறைச்சியில் பாதி நிலத்துக்காரர் வீட்டுக்குச் சென்றது.

அன்றிரவு குழலைக் கழற்றிச் சுத்தம் செய்தபோது, சேபோ உறையின் பிளாஸ்டிக் இழைகள் பித்தளைத் தூரிகையில் சுருண்டு வந்தன. பிஸ்டனின் கரியைத் துடைத்துவிட்டுப் புதிய ஓ-ரிங் ஒன்றை மாட்டினேன். மாட்டிய தேதியைத் துப்பாக்கிப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டினேன்.