எட்டு கொடுத்தேன், நாலுதான் காட்டியது

தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ், அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்வது நான். அவர்களுடைய பில் போடும் புரோகிராம் பழசு, விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 ஸ்டாண்டர்டை விட்டு நகர மாட்டேன் என்கிறது (2020 ஜனவரியிலேயே அதற்கு சப்போர்ட் முடிந்துவிட்டது, தெரியும், திட்டாதீர்கள்). பழைய பெட்டி மூச்சு வாங்க ஆரம்பித்ததும் புது சர்வர் வாங்கி, பழசை அப்படியே விர்ச்சுவல் மெஷினாக (கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) மாற்றி அதற்குள் உட்கார வைத்து, தாராளமாக எட்டு ப்ராசசர் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் போன். முதலாளி பாய்க்கு, ஒவ்வொரு ப்ராசசரும் ஒரு கட்டமாக ஓடுவதைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல்லிக் கொடுத்தது என் தப்பு. "என்ன தம்பி, எட்டுன்னு சொன்னே, நாலு கட்டம்தானே ஓடுது?"

அவர் சொன்னது சரி. அந்த ஸ்டாண்டர்ட் எடிஷன் நாலு சாக்கெட்டுக்கு (ப்ராசசர் சிப் உட்காரும் இடம்) மேல் தொடாது. எட்டு வேண்டுமென்றால் என்டர்பிரைஸ், 64 வரை போக டேட்டாசென்டர். ரேமிலும் ஸ்டாண்டர்டுக்கு 32 ஜிபி தான். ஆனால் கவனியுங்கள், வரம்பு சாக்கெட்டுக்கு, சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோருக்கு இல்லை. நான் போட்டு வைத்திருந்தது எட்டு சாக்கெட், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கோர். விண்டோஸ் அதை நிஜமாகவே எட்டு சிப் என்று நம்பி, முதல் நாலை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கண்டுகொள்ளவில்லை. மெஷினை நிறுத்தி, இரண்டு சாக்கெட், தலைக்கு நாலு கோர் என்று மாற்றி ஏற்றினேன், எட்டு கட்டமும் வந்துவிட்டது. ஐந்து நிமிட வேலை, செலவு ஒரு பைசா இல்லை. இதே கதை விண்டோஸ் 10 ப்ரோவிலும் உண்டு, அதற்கு இரண்டு சாக்கெட்தான்.

செலவு வைத்தது இன்னொரு தப்பு. விண்டோஸ் சர்வர் 2012-இல் என்டர்பிரைஸையே தூக்கிவிட்டார்கள், ஸ்டாண்டர்டுக்கும் 64 சாக்கெட் கிடைத்தது, ஒரு லைசன்ஸ் இரண்டு ப்ராசசருக்கு என்றிருந்தது. அப்பாடா என்று இருந்தோம். 2016-இல் கணக்கு கோருக்கு மாறியது. காசிமேட்டில் மீன் கூறு கட்டி விற்கிற மாதிரிதான், பாதிக் கூறு கிடையாது: ஒரு ப்ராசசருக்குக் குறைந்தது 8 கோர், ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர், அதற்கு மேல் இரண்டிரண்டு கோராக வாங்க வேண்டும். உங்கள் சிப்பில் ஆறு கோர்தான் இருந்தாலும் எட்டுக்குக் காசு.

நான் என்ன செய்தேன் தெரியுமா, விலை கொஞ்சம்தான் கூட என்று இரண்டு பன்னிரண்டு கோர் ப்ராசசர் இருக்கிற பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன். மொத்தம் 24. புது 2022 ஸ்டாண்டர்டுக்கு 16 கோர் லைசன்ஸ் போதாமல், மேலே இரண்டு கோர் பேக் நாலு. ஒரே பதினாறு கோர் சிப்பாக வாங்கியிருந்தால் அந்த நாலும் மிச்சம், இவர்கள் ஆபீஸுக்கு அதுவே தாராளம். ஊழியர்கள் சர்வரைப் பயன்படுத்துவதற்கான சிஏஎல் என்கிற லைசன்ஸ் இது எதிலும் சேராது, அது தனிக் கணக்கு. பாய் கொட்டேஷனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் போன வாரம், "இன்னொரு மெஷின் உள்ளே போடேன், பேக்கப்புக்கு" என்றார். ஸ்டாண்டர்டில் எல்லா கோருக்கும் லைசன்ஸ் போட்டால் இரண்டு விர்ச்சுவல் விண்டோஸ் சர்வர்தான், இரண்டும் ஏற்கெனவே ஓடுகிறது. மூன்றாவது வேண்டுமென்றால் 24 கோருக்கும் மறுபடி முதலிலிருந்து லைசன்ஸ் வாங்க வேண்டும். எனக்கு அவரிடம் இன்னொரு கொட்டேஷன் நீட்டத் தைரியம் இல்லை. மூலையில் தூசி தின்றுகொண்டிருந்த பழைய டெஸ்க்டாப்பில் டெபியன் என்கிற இலவச லினக்ஸை ஏற்றி, இரண்டு ஹார்ட் டிஸ்க் மாட்டி, மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டேன். அது இதுவரை எத்தனை கோர் என்று யாரையும் கேட்கவில்லை.