கை வைத்த இடத்தில் உடம்பு நடுங்கினால்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் உடம்பு பிடித்துவிடும் வேலை பார்க்கிறேன். பிள்ளை பெற்ற பெண்களுக்கு எண்ணெய் தேய்த்து வயிறு கட்டுவது, தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் தேய்ந்துபோன தோள்களைப் பிடித்துவிடுவது, வியாழக்கிழமை மாலையில் கோயில் மண்டபத்தில் பெண்களுக்கு யோகா சொல்லிக்கொடுப்பது, இவைதாம் என் பிழைப்பு. இந்த மூன்றிலும் அடிக்கடி நடக்கிற ஒன்றைப் பற்றி நம் ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை. பிடித்துக்கொண்டிருக்கும்போதே சிலர் பொங்கி அழுதுவிடுகிறார்கள். சிலருக்குக் கால் நடுங்குகிறது. சிலருக்குக் காரணம் தெரியாத கோபம் வருகிறது. சிலர் கல்லாகிவிடுகிறார்கள்.

லயத்து வீடுகளில் வாழ்ந்த காலத்தில் இதற்கு ஒரு விளக்கம் தயாராக இருந்தது. சாமி வந்துவிட்டது, அல்லது காற்று கருப்பு அண்டிவிட்டது. விபூதி பூசி, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டு, படுக்கவைத்துவிடுவார்கள். இப்போது நகரத்திலிருந்து இன்னொரு விளக்கம் வந்திருக்கிறது. "உள்ளே அடைந்து கிடந்தது வெளியேறுகிறது, நல்லது, நிறுத்தாதீர்கள், கொட்டிவிடட்டும்" என்கிறார்கள். நான் அம்மனைக் கும்பிடுகிறவள். திருவிழாவில் ஒருத்திக்கு அருள் வருவதை மனமாரக் கையெடுத்து வணங்குகிறவள். ஆனால் பாயில் படுத்து, தன் உடம்பை இன்னொருத்தி கையில் ஒப்படைத்திருக்கும் பெண் நடுங்கும்போது, இந்த இரண்டு விளக்கங்களும் அவளை ஒரு வார்த்தை கேட்பதில்லை. என்ன நடக்கிறது என்பதை மற்றவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். ஏற்கெனவே ஒருமுறை அவள் உடம்பைப் பற்றி வேறு யாரோ முடிவு செய்ததால்தான் இந்த நடுக்கமே வந்திருக்கக்கூடும்.

ஓர் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். காண்டாக் கட்டையின் இரு முனையிலும் பால் வாளி தொங்க, ஸ்டோர் வரைக்கும் நடந்து நடந்து இளவயதைக் கழித்தவர். வலது தோள்மேல் தோல் தடித்துக் காய்த்துப்போயிருக்கும். அன்று குப்புறப் படுத்திருந்தார். தோளைப் பிடிக்கும்வரை பேசிக்கொண்டே இருந்தார், மகள் புது வீட்டுக்குப் போட்ட டைல்ஸின் விலை வரைக்கும். என் உள்ளங்கை பிடரிக்கு ஏறியதும் பேச்சு பாதியில் அறுந்தது. மூச்சு நின்றது. கால்விரல்கள் உள்பக்கமாக மடங்கின. வலது கை பாயின் ஓரத்தைப் பற்றி இறுக்கிக்கொண்டதில் நகங்கள் வெளுத்துப்போயின. அதன்பிறகுதான் நடுக்கம் வந்தது, தொடையில் தொடங்கி இடுப்பு வரைக்கும்.

கூட வந்திருந்த அவருடைய அண்ணி பூஜை அலமாரிக்கு ஓடி விபூதித் தட்டோடு வந்துவிட்டார். "கொஞ்சம் பொறுங்கள் அம்மா, பிறகு பூசிக்கொள்ளலாம்" என்று அவரை உட்காரச் சொன்னேன். கையை வெடுக்கென்று எடுக்கவில்லை. எடுத்தால் அதுவே இன்னோர் அதிர்ச்சி. அழுத்தத்தை மட்டும் முதலில் விட்டேன். "அக்கா, கையை எடுக்கப்போகிறேன்" என்று சொல்லிவிட்டு எடுத்தேன். போர்வையைத் தோள்வரை இழுத்துவிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "இது என் வீடு. மணி நாலரை. கதவு திறந்திருக்கிறது. உங்கள் அண்ணி இங்கேயே இருக்கிறார்." கண்ணைத் திறந்தார். எதிர்ச்சுவரில் முருகன் படம் போட்ட காலண்டர். இன்று என்ன தேதி என்று அதைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது, ஆனால் சொன்னார். மெல்ல எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் சிமெண்டுத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டார். தரை சில்லென்று இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கிறது" என்றார். மைலோ கலக்கிக் கொடுத்தேன். முழுவதையும் குடித்துவிட்டு, "இன்றைக்குப் போதும் தங்கச்சி" என்றார். போதும் என்றால் போதும்.

என்ன நினைவு வந்தது என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை. அடுத்த முறை வந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்தபடி முழங்கை வரைக்கும் மட்டும் பிடித்துவிடச் சொன்னார். சில மாதம் கழித்துத் தோளைக் காட்டினார். பிடரியைப் பற்றிய பேச்சை நான் எடுப்பதில்லை. அவராகக் கேட்டால் பார்க்கலாம்.

ஏன் இப்படி நடக்கிறது? தசைக்குள் சோகம் சேர்ந்து கிடக்கிறது, இடுப்பு மூட்டில் பழைய துக்கம் தங்கியிருக்கிறது என்று யோகா வகுப்புகளில் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்குச் சான்று இல்லை. நினைவு மூளையின் காரியம். ஆபத்து நேர்ந்த நேரத்தில் மேலே பட்ட கையின் அழுத்தம், உடம்பு கிடந்த கிடை, அப்போது வீசிய மணம் ஆகியவற்றையெல்லாம் மூளைக்குள் இருக்கும் அமிக்டலா என்ற பகுதி அந்த ஆபத்தோடு முடிச்சுப்போட்டு வைத்துக்கொள்கிறது. பல வருடம் கழித்து அதே கிடையில் படுத்து, அதே இடத்தில் ஒரு கை பட்டால், யோசிக்கும் மனம் விழிப்பதற்குள் இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு நெஞ்சுக்கு மேலேறுகிறது, தசைகள் இறுகுகின்றன. அன்று ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் போயிருந்தால், இன்றும் உடம்பு உறைந்துதான் போகும். மணம் இதில் மிக வேகமானது, ஏனென்றால் மூக்கிலிருந்து வரும் செய்தி மற்றப் புலன்களின் செய்திகளைப்போல் சுற்றிப்போகாமல் அந்தப் பகுதிக்கு நெருக்கமாகவே போய்ச் சேர்கிறது. கோடாலித் தைலத்தின் மூடியைத் திறந்ததுமே முகம் சுண்டிப்போன ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவர் வரும் நாளில் நல்லெண்ணெய் மட்டும்தான்.

இதற்கு 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பி.டி.எஸ்.டி (PTSD), அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சல் நோய், என்று ஒரு பெயர் கொடுத்துத் தன் நோய்ப்பட்டியலில் சேர்த்தது. எங்கள் வீட்டில் அதற்கு வெகுகாலம் முன்பே ஒரு சட்டம் இருந்தது. என் தாத்தா சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பியவர். 1942, 1943-இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை போடுவதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அடியிலும் செத்தவர் போக மிஞ்சியவர்களில் தாத்தாவும் ஒருவர். யாரும் அவரைப் பின்னாலிருந்து தொடக்கூடாது. தூங்கும்போது எழுப்ப வேண்டுமானால் வாசலிலேயே நின்று, "தாத்தா, நான்தான்" என்று குரல் கொடுக்க வேண்டும். பாட்டி எங்களுக்கு இதைக் காரணம் சொல்லிப் பழக்கவில்லை, பழக்கிவிட்டார், அவ்வளவுதான். படிப்பில்லாத அந்தக் கிழவி செய்ததைத்தான் நான் இன்று தொழிலாகச் செய்கிறேன் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பிள்ளை பெற்ற உடம்பு தனிக் கதை. நம் பெண்களும் மலாய்க்காரப் பெண்களைப்போல் பெங்கோங் கட்டிக்கொள்கிறார்கள், மார்புக்குக் கீழிருந்து இடுப்பு வரை நீளத் துணியைச் சுற்றி இறுக்குவது. நன்றாக இறுக்கினால்தான் வயிறு உள்ளே போகும் என்று மாமியார்கள் பக்கத்தில் நின்று சொல்வார்கள். பிரசவத்தில் உயிருக்குப் பயந்துபோன ஒரு சின்னப் பெண்ணுக்கு, கட்டு மூன்றாவது சுற்று வந்தபோதே மூச்சு முட்டியது. துணியைப் பிய்த்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "பச்சை உடம்புக்காரி இப்படிக் கூத்தடிக்கலாமா" என்று மாமியார் அதட்டினார். அந்த அதட்டல் எனக்கு வலித்தது. கட்டு மூச்சின் அசைவைத் தடுக்கிறது, மூச்சு தடைப்பட்டதும் மூளை ஆபத்து என்கிறது, பிரசவ அறையின் பயம் மறுபடி எழுகிறது. அவளுக்குக் கட்டே கட்டவில்லை. பாதத்தையும் கையையும் மட்டும் பிடித்துவிட்டுப் போனேன். தூக்கம் வராமல் இருந்ததையும், பிள்ளையைத் தூக்கவே பயமாக இருந்ததையும் சில நாள் கழித்து அவளாகவே சொன்னாள். உடனே அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வரும் மனச்சோர்வு எண்ணெய்க்கும் பத்தியத்துக்கும் அடங்குகிற காரியம் இல்லை.

அழுகிறவர்களைவிட எனக்குக் கவலை தருகிறவர்கள் அழாதவர்கள். எங்கே அழுத்தினாலும் "பரவாயில்லை", எப்படி இருக்கிறது என்றால் "பரவாயில்லை". கண் திறந்திருக்கும், பார்வை எங்கும் நிற்காது. கை தொட்டால் குளிர்ந்திருக்கும். மூச்சு மேலாக, சத்தமில்லாமல் ஓடும். ஆள் அந்த உடம்பை விட்டு எங்கோ போய்விட்டார். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஆழமாக அழுத்துவார்கள். நிம்மதியாக இருக்கிற உடம்பு கனத்துச் சாயும், வயிற்றிலிருந்து பெருமூச்சு வரும், "அங்கே இன்னும் கொஞ்சம்" என்று கேட்கும். கேட்காத உடம்பிடம் நான் நிறுத்திப் பேச்சுக் கொடுக்கிறேன். "இடது பக்கமா, வலது பக்கமா, நீங்களே சொல்லுங்கள்" என்று சின்னச் சின்னத் தெரிவுகளைக் கையில் கொடுக்கிறேன்.

யோகா வகுப்பிலும் இதே கதைதான். கடைசியில் விளக்கை அணைத்து, கண்ணை மூடி, சவாசனத்தில் படுங்கள் என்றால் எல்லோருக்கும் சுகம் என்று நினைக்கிறோம். இருட்டில் மல்லாந்து கிடப்பது சிலருக்கு மிகப் பெரிய பயம். சம்சு குடித்துவிட்டு நடுராத்திரியில் கதவை உதைக்கிற கணவனோடு வருடக்கணக்கில் வாழ்ந்தவளிடம் கண்ணை மூடு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? மண்டபத்தில் விளக்கு எரியட்டும், சுவரில் சாய்ந்து உட்காரலாம், ஒருக்களித்துப் படுக்கலாம், வாசலைப் பார்த்தபடி இருக்கலாம் என்கிறேன். மூச்சை நீளமாக வெளியே விடும்போது வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு சற்றுத் தணியும், அதனால் வெளிமூச்சைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் கழுத்து நெரிபட்டவர்களுக்கு மூச்சைக் கவனிப்பதே மூச்சுமுட்டும். அவர்கள் பாதத்தைக் கவனிக்கட்டும், வெளியே போகிற மோட்டார் சத்தத்தைக் கேட்கட்டும்.

ஆசனத்தைத் திருத்துகிறேன் என்று யாருடைய இடுப்பையும் பிடிப்பதில்லை. அமெரிக்காவில் பெஸல் வான் டெர் கோல்க் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை இந்த இடத்தில் சொல்லவேண்டும். பி.டி.எஸ்.டி நோய்க்கு வேறு சிகிச்சைகளில் குணம் காணாத 64 பெண்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு 10 வாரம் இப்படிப்பட்ட மென்மையான யோகாவும், மறு பாதிக்கு உடல்நலக் கல்வியும் கொடுத்தார்கள். முடிவில் யோகா செய்தவர்களில் 52 விழுக்காட்டினருக்கு அந்த நோயின் வரையறை பொருந்தவில்லை, மற்றக் குழுவில் 21 விழுக்காடு. சின்ன ஆய்வுதான், யோகா எல்லாவற்றையும் தீர்க்கும் என்று இதை வைத்து நான் முழங்க மாட்டேன். பத்து வாரம் நிதானமாகச் செய்தது இது. ஒரே நாளில் கதறவைத்துக் குணப்படுத்துகிறேன் என்கிறவர்கள் இதைக் காட்டிப் பேச முடியாது.

அப்படிக் கதறவைக்கிறவர்களைப் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன். அழுகை வந்தால் வரட்டும், அது தவறில்லை. ஆனால் அழவைப்பதற்காக அழுத்துவது கொடுமை. அன்று லேசாக இருந்தது என்று வீட்டுக்குப் போகிறவர் அடுத்த சில இரவுகள் கெட்ட கனவோடு புரளுவார். பக்கத்தில் யார் இருப்பார்கள்? நிறுத்துங்கள் என்று நீங்கள் சொன்ன பிறகும் "வெளியே வருகிறது, விடாதீர்கள்" என்று கையை எடுக்காதவர் யாராக இருந்தாலும், எத்தனை பெரிய குருவாக இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள். மேல்துணியை மாட்டிக்கொள்ளக்கூட நிற்க வேண்டாம், போர்வையைச் சுற்றிக்கொண்டு வாருங்கள்.

நம் ஊரில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. இங்கே எல்லோரும் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள், இல்லாவிட்டால் சம்பந்தி வழி. காலையில் என் வீட்டுப் பாயில் ஒருத்தி அழுதால், மத்தியானம் மார்க்கெட்டில் மீன் வாங்குகிறவர் துக்கம் விசாரிப்பார். அதனால்தான் பலர் வாயே திறப்பதில்லை. என் வீட்டில் நடந்தது என் கணவர் காதுக்கும் போவதில்லை. எனக்கே சில நாள் கேட்டது நெஞ்சில் தங்கிவிடும். அப்போது ஈப்போவில் இருக்கும் என் ஆசிரியையிடம் பெயர், ஊர், உறவு எதுவும் சொல்லாமல் பேசுவேன்.

நான் கை வைத்தியம் செய்கிறவள், மனநலம் படித்தவள் இல்லை. கெட்ட கனவும் நடுக்கமும் வாரக்கணக்கில் நீடித்தால், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், கிளினிக் டாக்டரிடம் போக வேண்டும். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணில் மன உளைச்சலுக்கு உதவி கேட்கலாம். வீட்டில் அடி உதை என்றால் தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண் 15999-ஐ எந்நேரமும் அழைக்கலாம். அடிபட்ட பெண்களும் வன்கொடுமைக்கு ஆளானவர்களும் பெரிய அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்குப் போனால், சிகிச்சையையும் மற்ற உதவிகளையும் ஒரே இடத்தில் பெற ஏற்பாடு இருக்கிறது. மலாய் பேசத் தயங்குகிற பாட்டிமார்களை யாராவது கூட்டிப்போங்கள். இந்த எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி, என் குளியலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அங்கேதான் யாரும் பார்க்காமல் கைப்பேசியில் குறித்துக்கொள்ள முடியும்.

வரும் மாதம் இரண்டு பெண்கள் என்னிடம் தொழில் பழக வருகிறார்கள். இருவரும் என் மகள் வயது. தோளை எப்படிப் பிடிப்பது, வயிற்றை எப்படி நீவுவது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முதல் நாள் எண்ணெய்க் கிண்ணத்தையே எடுக்கப்போவதில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஒருத்தி படுக்க வேண்டும், இன்னொருத்தி கை வைக்க வேண்டும், படுத்திருப்பவள் "எடு" என்று சொன்னதும் சொல்லிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். பிறகு இடம் மாற்றிக்கொள்ளலாம்.