மேற்குக் கண்ணாடி ஓரத்துச் சூடும் இரண்டாவது சில்லரும்

சென்னையில் கண்ணாடி போர்த்திய உயரமான ஆபீஸ் கட்டடங்களில், மதியம் 3 மணி தாண்டினால் மேற்குப் பக்க சீட்டுகளிலிருந்து கம்ப்ளெயிண்ட் வரத் தொடங்கும். மெயின்டனன்ஸில் உடனே செட்பாயிண்டை (ஏ.சி-க்கு வைக்கும் அறை வெப்பநிலையை) 24 டிகிரியிலிருந்து 21-க்கு இறக்குவார்கள். கொஞ்ச நேரத்தில் நடு ஹாலில் இருப்பவர்கள் ஷால் போர்த்திக்கொள்வார்கள். ஜன்னலோரத்தில் இருப்பவருக்கோ வேர்வை அடங்காது.

அவரைச் சுடுவது காற்று இல்லை, கண்ணாடி. காற்றோட்டம் குறைவான இடத்தில், காற்றின் சூட்டுக்கும் சுற்றியுள்ள பரப்புகளின் சூட்டுக்கும் ஏறக்குறைய நடுவில் இருப்பதைத்தான் உடம்பு உணரும். காற்று 24, பரப்புகளின் சராசரி 32 என்றால் அவருக்கு அது 28. நேர் வெயிலும் மேலே பட்டால் இன்னும் மோசம். வெளிப்புறத்தில் நிழல் தடுப்பு வைப்பதே சரியான வைத்தியம். உள்ளே தொங்கும் பிளைண்ட், வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் தடுக்கிறது. ஆனாலும் கண்ணாடிப் பக்கம் வெளிர் நிறமாக இருந்தால் ஓரளவு உதவும். மேசையில் ஒரு சின்ன ஃபேன், செட்பாயிண்டை இறக்குவதைவிட எவ்வளவோ மேல்.

செட்பாயிண்டை இறக்கினால், கீழே ஏ.சி-க்கான தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர்கள் இருக்கும் பிளான்ட்டில் நடப்பதுதான் உண்மையான செலவு. 21 எட்டவே எட்டாது என்பதால் ஏ.ஹெச்.யூ-வில் (மாடிக்குக் குளிர்காற்று அனுப்பும் பெட்டியில்) குளிர்தண்ணீர் வால்வு முழுக்கத் திறந்தே கிடக்கும். 7 டிகிரியில் போன தண்ணீர் 12.5-க்குச் சூடாகித் திரும்ப வேண்டியது, காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலை வேகமாகக் கடந்து 10-லேயே திரும்பிவிடும். 100 டன் குளிரூட்டும் லோடுக்கு, 5.5 டிகிரி வித்தியாசத்தில் நொடிக்கு 15 லிட்டர் தண்ணீர் போதும். 3 டிகிரி என்றால் 28 லிட்டர் வேண்டும். அவ்வளவு தண்ணீர் ஒரு சில்லருக்குள் போகாது. லோடு பெரிதாகக் கூடாமலே இரண்டாவது சில்லரும் அதன் பம்ப்பும் ஓடத் தொடங்கும்.

அழுக்கு ஃபில்டர், தூசி அடைத்த காயில், வழுக்கும் ஃபேன் பெல்ட் மூன்றும் இதே கோளாறைத் தரும். இன்னொன்று, பலர் கவனிக்காதது: வெப்பநிலை சென்சார் பெரும்பாலும் காற்று திரும்பிப் போகும் ரிட்டர்ன் டக்ட்டில் இருக்கும். அது மொத்த மாடியின் சராசரியைத்தான் பார்க்கும், மேற்கு மூலை அதற்குத் தெரியாது. பிறகு கட்டிய கேபினுக்குள் குளிர்காற்று வரும் டிஃப்யூசரே இல்லாமல் போவதும் சகஜம். கிரில்லில் அனிமோமீட்டர் வைத்துக் காற்றின் வேகத்தை அளந்து, காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடான டேம்பரைச் சரிசெய்யுங்கள்.

மின்சாரம் மிச்சம் என்று சில்லர் தண்ணீரை 7-லிருந்து 10-க்கு ஏற்றுபவர்களும் உண்டு. சில்லருக்கு லாபம்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அது வம்பு. 24 டிகிரி, 55 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை (காற்றின் ஈரம் தண்ணீராக மாறும் வெப்பநிலை) 14.5 டிகிரி அளவில் இருக்கும். காயில் அதைவிட நன்றாகக் குளிர்ந்திருந்தால்தான் காற்றிலிருந்து தண்ணீர் வடியும். இல்லாவிட்டால் கார்ப்பெட்டில் பூஞ்சை வாடை பிடிக்கும். அதற்குப் பதில் மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி-யில் ஃபேனை 80 சதவீத வேகத்துக்குக் குறைத்தால் ஃபேன் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும், காற்றும் காயிலில் நின்று நன்றாக உலரும்.

நாளைக்கு 3 மணிக்கு கட்டட இயந்திரங்களைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ் திரையில் இரண்டைப் பாருங்கள்: வால்வு 100 சதவீதமா, போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் சூட்டு வித்தியாசம் 4-க்குக் கீழா? இரண்டுமே ஆமாம் என்றால் செட்பாயிண்டைத் தொடாமல், முதலில் அந்த ஏ.ஹெச்.யூ ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.