கோஸ்டா ரிகா: டாக்ஸி கொள்ளையும் ஹெர்மிட் சண்டையும்

லாங் பில்டு ஹெர்மிட்னு ஒரு வகை ஹம்மிங்பேர்டைப் பாக்க லா செல்வா காட்டுக்குப் போன கதை இது, ஆனா மொதல்ல அந்த டாக்ஸிக்காரனைத் திட்டிடுறேன். தலைநகர் சான் ஹோசேல இருந்து வந்த பஸ் அருமை, பிராவ்லியோ கரியோ காட்டு வழியா எறங்குது, ஜன்னல் சீட் புடிங்க. டிக்கெட் எடுக்கும்போது புவெர்ட்டோ வியேஹோ தெ சராபிக்கின்னு முழுசா சொல்லுங்க, கடற்கரைப் பக்கம் இதே பேர்ல இன்னொரு ஊர் இருக்கு. அங்கேர்ந்து லா செல்வா ஆராய்ச்சி நிலையம் பக்கத்துலதான், அதுக்குப் போய் மீட்டர் ரிப்பேர்னு கதை விட்டு டாலர்ல கேட்டான், அந்தக் காசுல ரெண்டு வேளை காசாதோ சாப்ட்ருக்கலாம் (சோறு, பீன்ஸ், வறுத்த வாழைப்பழம், கோழி, வயிறு ரொம்பிடும்).

சரி, பறவைக்கு வரேன். லாங் பில்டு ஹெர்மிட். ஹம்மிங்பேர்டுன்னா மினுமினுன்னு இருக்கும்னு நெனச்சுப் போனா இது வெறும் பழுப்பு, ஆறு கிராம் சொச்சம்தான். ஆனா மூக்கு இருக்கே, நீளமா கீழ வளைஞ்சு, ஹெலிகோனியா பூவுக்குன்னே செஞ்ச மாதிரி! லாட்ஜ்ல சக்கரைத்தண்ணி வெச்சுக் காட்டுறதுக்கெல்லாம் காசு குடுக்காதீங்க, கைடு வெச்சுக் காலைல லெக்குக்குப் போங்க. லெக்னா ஆண் பறவைங்க பொட்டைங்களைக் கவரக் கூடிப் பாடுற எடம், ஒரு லெக்ல இருபது இருபத்தஞ்சு பேர்கூட இருப்பாங்களாம். புதருக்குள்ள முழங்கால் உயரக் குச்சில ஒண்ணு உக்காந்து, எண்ணெய் போடாத தையல் மிஷின் மாதிரி ஒரே சத்தத்தைத் திருப்பித் திருப்பிப் போடுது, ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்த நீள வெள்ளை வால் ஒரு ஆட்டு.

அப்புறம் இன்னொருத்தன் பாய்ஞ்சான் பாருங்க, சர்ருனு ரெண்டும் சுத்தி மறைஞ்சிடுச்சு. இந்தச் சண்டை சும்மா இல்லங்க. வளர்ந்த ஆணுக்கு மூக்கு நுனி பொட்டையைவிட நீளம், கூர்மையும் ஜாஸ்தி, குத்தறதுக்கே. நல்லாக் குத்துற நுனி இருக்கவனுக்குத்தான் லெக்ல எடம் கெடைக்குதுன்னு ரிக்கோ கெவாரா, அராயா சாலாஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 2015ல எழுதுனது இதே லா செல்வா பறவைங்களை வெச்சுத்தான்.

இவ்ளோ வீரம் காட்டுற ஐயா கூடு கட்ட வரமாட்டாரு! தொங்குற பனை எலை நுனிக்கு அடில சிலந்தி நூல் வெச்சு ஒட்டி, ரெண்டு முட்டை போட்டு, அடைகாத்து வளக்குறது எல்லாம் அம்மா ஒருத்திதான்.

ரெய்ன்கோட்ல மட்டும் காசு மிச்சம் பண்ணாதீங்க, இங்க வருஷத்துக்கு நாலு மீட்டர் மழை.