0.40 ஓம் வேப் காயில் 0.42 காட்டுன கதை, ஒரு வழியா திருடனப் புடிச்சாச்சு

என் வேப்புக்கு (எலக்ட்ரானிக் சிகரெட்) நானே கம்பி சுத்தி செய்யுற சூடாக்கி காயிலால மூணு வாரமா இதே தலைவலி. அதே 26 கேஜ் எஸ்எஸ்316எல் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பி, அதே 3 மில்லி ராடு, அதே ஆறு சுத்து. ஆனா மோட்ல (வேப்போட பேட்டரி, கண்ட்ரோல் இருக்குற பெட்டி) மாட்டுனா ஒரு தடவ 0.40 ஓம், கழட்டி மாட்டுனா 0.42, ராத்திரி பாத்தா 0.43. வாட்ஸ் மட்டும் செட் பண்ணி ஓட்டுறவங்களுக்கு இது ஒரு மேட்டரே இல்ல, டெம்ப் கண்ட்ரோல்ல (ஓம் ஏறுறத வெச்சு சூட்ட கணக்குப் போடுற முறை) ஓட்டுறவன் செத்தான். இந்தக் கம்பிக்கு டிசிஆர் (ஒரு டிகிரிக்கு ஓம் கூடுற விகிதம்) 0.00092, அதாவது 0.40 காயில் 20ல இருந்து 200 டிகிரி வரைக்கும் ஏறுனாலும் கூடுறது வெறும் 0.066 ஓம் தான். அதுல ஆரம்ப ஓம 0.02 பொய்யோட மோட்ல லாக் பண்ணிட்டு, அப்புறமா அந்தப் பொய் காணாமப் போச்சுன்னா 200னு வெச்சது 260ஐத் தாண்டிப் போகும். காயிலுக்குள்ள இருக்குற காட்டன் கருகி ஒரு இழுப்பு இழுத்தேன் பாருங்க, ரெண்டு நாள் காபி கூட டேஸ்ட் தெரியல.

சாதா மல்டிமீட்டர வெச்சு இதப் புடிக்கவே முடியாது. ரெண்டு ப்ரோபையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டாலே என்னுது 0.3 காட்டும், அழுத்துனா 0.2. சரின்னு நாலு ஒயர் முறைக்குப் போனேன். பெஞ்ச் சப்ளைய (கரண்ட் அளவ செட் பண்ற பவர் சப்ளை) 1 ஆம்பியர்ல வெச்சு முதலை கிளிப் வழியா கரண்ட் விட்டு, வேற ரெண்டு ப்ரோப்ல காயில் கால்லயே (கம்பியோட ரெண்டு முனை) மில்லிவோல்ட் பாக்குறது. 402 மில்லிவோல்ட்னா 0.402 ஓம், கணக்கே வேணாம்னு ஒரே சந்தோஷம்.

அங்கதான் வெச்சாங்க ஆப்பு. 402, 405, 409, 413னு நம்பர் அது பாட்டுக்கு ஏறுது! மீட்டர் பேட்டரி மாத்துனேன், கிளிப் மாத்துனேன், சப்ளைய நல்லா திட்டினேன், ம்ஹூம். கடுப்புல குனிஞ்சு ஒரு பெருமூச்சு விட்டா நம்பர் சட்டுனு இறங்குது. அட பாவி, காயில் சூடாகுது! காட்டன் போடாத மொட்டக் காயில்ல அர வாட் கூட இல்லாத பவரே போதும் போல. காந்தல்னு (Kanthal) வேற உலோகக் கம்பியில சுத்துன ஒரு பழைய காயில மாட்டிப் பாத்தேன், அசையவே இல்ல, அதுக்கு டிசிஆர் ஒண்ணுமே இல்லையே. கரண்ட 100 மில்லிஆம்ப்க்கு இறக்குனதும் 40.2 மில்லிவோல்ட்லயே, அதாவது 0.402 ஓம்லயே உக்காந்துடுச்சு.

அதுக்கப்புறம் ஒரே உக்காருல பத்து காயில் சுத்தி அளந்தேன், எல்லாமே 0.398ல இருந்து 0.407க்குள்ள. அப்போ என் கை மேல தப்பில்ல, பெருமையா சொல்லிக்கிறேன். ப்ரோப கம்பியில ஒண்ணு, அத ஸ்க்ரூ போட்டு புடிக்கிற போஸ்ட்ல ஒண்ணுன்னு நகத்துனதும் திருடன் மாட்டிக்கிட்டான். ஸ்க்ரூவுக்கு அடியில மட்டும் 2 மில்லிவோல்ட், அதாவது 20 மில்லிஓம். கேஸ் டார்ச்ல பழுக்கக் காய்ச்சும்போது கம்பி மேல புடிக்கிற கருப்பு படலம், அதோடவே கால்கள ஸ்க்ரூல முறுக்கிட்டு இருந்திருக்கேன். நைஸ் உப்புத்தாள்ல கால் ரெண்டையும் ஒரு இழு இழுத்து, ஐசோப்ரொப்பைல்ல துடைச்சு முறுக்குனா 1, மிஞ்சிப்போனா 2 மில்லிஓம். அவ்ளோதான் விஷயம், மூணு வாரம்!

இந்த ஜோர்ல வீட்ல கெடந்த ஸ்பூல் எல்லாத்தையும் ஒரு மீட்டர் வெட்டி அளந்தேன். 26 கேஜ் 316எல் மீட்டருக்கு 5.8 ஓம் கிட்ட வரணும். ஆன்லைன்ல மலிவா கெடச்சுதுன்னு வாங்குன ஒரு ஸ்பூல் 8.4 காட்டுது. அது நிக்ரோம் 80ங்க, டிசிஆர் ரொம்பக் கம்மியான வேற கம்பி, எஸ்எஸ்னு ஸ்டிக்கர் ஒட்டி வித்துருக்கான். காந்தம் வெச்சுப் பாத்தாலும் தெரியாது, இது ரெண்டுமே ஒட்டாது. போன வருஷம் டெம்ப் கண்ட்ரோல் வேலையே செய்யலன்னு மோட குறை சொல்லி வித்தேனே, அதுக்கும் காரணம் இந்த ஸ்பூல்தான் போல. வயிறு எரியுது.

அடுத்து எல்எம்317 ரெகுலேட்டர் ஐசி ஒண்ணு, 12 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு போட்டு 100 மில்லிஆம்ப் சின்ன பாக்ஸ் பண்ணலாம்னு இருக்கேன், ஒவ்வொரு தடவையும் பெஞ்ச் சப்ளைய தூக்கிட்டு அலைய முடியல. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டா இருந்தா பத்து நிமிஷத்துல சாமான் கைக்கு வந்துரும், இங்க லண்டன்ல தபாலுக்குக் காத்துக் கெடக்கணும். ஊருக்குப் போறப்போ வாங்கலாம், ஆனா அட்டி (காயில் உக்கார்ற தலைப்பகுதி, அட்டமைசர்), மோட் எதையும் பெட்டியில எடுத்துட்டுப் போயிராதீங்க, இந்தியாவுல 2019லயே தடை போட்டாச்சு.

ரெண்டாவது அட்டி மட்டும் இன்னும் அடங்கல. கால் சுத்தமா இருந்தும் 0.41க்கும் 0.43க்கும் நடுவுல ஆடுது, மோட்ல திருகுற 510 கனெக்டரோட நடு பின்ன விரல்ல தொட்டா லேசா சுத்துது. அந்த இன்சுலேட்டர் தேஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன், ஞாயித்துக்கிழமை கழட்டிப் பாத்துட்டு சொல்றேன்.